முகத்துக்கும் கூலன்ட் வேணும் சார்!

"உன் மூஞ்சியில அப்பளம் பொரிக்கலாம்டா!" என்றான் என் அறை நண்பன். வருடம் 1988. இடம் ஓசூர். ஒரு ஓட்டு வீட்டில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுத்துக் கொண்டிருந்த காலம். ஊத்தங்கரையிலிருந்து ஐ.டி.ஐ. டர்னர் சர்ட்டிபிகேட்டும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்து இறங்கியிருந்தேன். வயது இருபது. சில பேர் முகத்தில் அசடு வழியும். சில பேர் முகத்தில் எண்ணெய் வழியும். எனக்கு இரண்டும் வழிந்தது.

எண்ணெய் மட்டும் என்றால் பவுடரைப் பூசிச் சமாளித்திருப்பேன். கூடவே பரு. நெற்றி, கன்னம், தாடை என்று இடம் விடாமல் ரிசர்வ் செய்து கொண்டு உட்கார்ந்திருந்தன. பரு வந்தால் யாரோ நம்மை 'நினைக்கிறார்கள்' என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அந்தக் கணக்குப்படி ஓசூர் தாலுகாவில் பாதிப் பேர் என்னை நினைத்து உருகியிருக்க வேண்டும். நிஜத்தில் நினைத்தவர் எங்கள் சூப்பர்வைசர் ஒருவர்தான். அதுவும் நான் லேட்டாகப் போகிற நாட்களில்.

ஓசூரில் எந்தக் கஷ்டத்துக்கும் மூன்று பெயர் உண்டு. தமிழில் பரு. கன்னடத்தில் 'மொடவெ'. தெலுங்கில் 'மொடிம'. வைத்தியமும் மூன்று பாஷையில் கிடைக்கும். எதிர் வீட்டுக் கன்னடத்துப் பாட்டி எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்க்கச் சொன்னார். எரிந்தது. மெஸ் நடத்திய தெலுங்குக்கார அம்மா கடலை மாவு போடச் சொன்னார். காய்ந்து இழுத்தது. நண்பன் தன் பங்குக்கு டூத் பேஸ்ட்டைத் தடவச் சொன்னான். எரிந்து, காய்ந்து, இழுத்தது. மறுநாள் வாயிலிருந்து வர வேண்டிய வாசனை கன்னத்திலிருந்து வந்ததுதான் மிச்சம்.

இந்தப் பழங்கதையை இப்போது ஏன் அவிழ்க்கிறேன் என்றால், முப்பத்தைந்து வருடம் கழித்து 2023-ல், அதே ஓசூரில், அதே கூத்து எங்கள் வீட்டில் மறுபடி நடந்தது. இந்தத் தடவை என் அண்ணன் மகளுக்கு. அது சிரிக்கிற கதையாக இல்லை.

முதலில் என்னுடையதை முடித்து விடுகிறேன்.

எண்பதுகளில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய பெயர்கள் ஓசூரில் ஓட ஆரம்பித்த பிறகு, சிப்காட்டைச் சுற்றி உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை. லேத்தில் நின்றால் கட்டிங் ஆயில் தெறிக்கும். முழங்கை, சட்டை, பேன்ட் எல்லாம் ஆயில். எட்டு மணி நேரம் அதில் ஊறி நிற்க வேண்டும். கை துடைக்கக் காட்டன் வேஸ்ட் கொடுப்பார்கள். துடைத்த வேஸ்ட்டைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக் கொள்வது எங்கள் எல்லோருடைய வழக்கம். மறுபடி துடைக்க வேண்டுமே!

கொஞ்ச நாளில் தொடையில் பரு வர ஆரம்பித்தது. தொடையில் வந்தால் யார் நினைப்பதாக அர்த்தம்? யாரைக் கேட்பது? முன்னங்கையிலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி, நடுநடுவே சீழ் கட்டிய கொப்புளம். கூச்சத்தை விட்டு ஒரு வயசான டாக்டரிடம் போய்க் காட்டினேன். தொடையைப் பார்த்தவர், வியாதியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "பாக்கெட்டுல என்னப்பா வச்சிருக்கே?" என்றார். எடுத்துக் காட்டினேன். கறுத்துப் போன காட்டன் வேஸ்ட். "இதுதான் உன் வியாதி. வெளியில போகும்போது குப்பைத் தொட்டியில போட்டுட்டுப் போ."

அதற்கு 'ஆயில் ஆக்னி' என்றே பெயர். தோலில் ரோமம் முளைக்கிற இடம் ஒவ்வொன்றும் ஒரு குழி. அந்தக் குழியின் வாயை மெஷின் ஆயிலும் அழுக்கும் சேர்ந்து அடைத்தால் உள்ளே வீங்கிக் கொள்ளும். தண்ணீர் கலக்காமல் ஊற்றுகிற கட்டிங் ஆயில்தான் இதில் முதல் குற்றவாளி. எண்ணெயில் நனைந்த துணி எங்கெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறதோ அங்கே முதலில் வரும். அதனால்தான் தொடை, முன்னங்கை. வேஸ்ட்டைத் தூக்கிப் போட்டு, தினம் துவைத்த உடுப்புப் போட ஆரம்பித்ததும் இரண்டு மூன்று மாதத்தில் தொடை தெளிந்து விட்டது. இன்றைக்கும் என் பட்டறையில் சேருகிற பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பது மைக்ரோமீட்டர் பிடிப்பது இல்லை. பாக்கெட்டைக் காட்டச் சொல்வதுதான்.

முகம் மட்டும் தெளியவில்லை. முகத்துக்கு நான் செய்த உபகாரம் அப்படி! ஷிப்ட் முடிந்ததும் கையிலிருக்கும் கிரீஸ் போக மண்ணெண்ணெய், மரத்தூள், சோப்புத் தூள் என்று வரிசையாகப் போட்டுத் தேய்ப்போம். அதே சோப்புத் தூளை முகத்துக்கும் போட்டேன். எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கிற மாதிரி பரபரவென்று தேய்த்துக் கழுவினால் தோல் இழுத்துப் பிடித்துக் கொண்டு 'கிரீச்' என்று சுத்தமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அப்பளம் பொரிக்கலாம். கழுவியது போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கழுவுவேன். ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. டிசம்பரில் மூக்கோரம் செதில் செதிலாக உரியும். உரிகிற செதிலுக்கு அடியிலேயே பரு பழுத்து நிற்கும். இவ்வளவு எண்ணெய் ஓடுகிற தோல் எப்படிக் காய்ந்து உரியும்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்க முப்பத்தைந்து வருடம் ஆனது.

இப்போது அவள் கதை.

என் அண்ணன் மகள் பி.எஸ்சி. முடித்து விட்டு ஓசூர்ப் பக்கம் செல்போன் உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். எங்கள் நாளில் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கினால் எல்லாம் மீசை. இப்போது பஸ் பஸ்ஸாகப் பெண்பிள்ளைகள் இறங்குகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். தூசி புகக் கூடாத அறை என்பதால் தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, வாய்க்கு மாஸ்க். எட்டு மணி நேரம் மூச்சும் வேர்வையும் மாஸ்க்குக்கு உள்ளேயே. ஹாஸ்டலில் உப்புத் தண்ணீர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று தூக்கம் ஒரு ஒழுங்கில் இல்லை. அவள் சம்பளத்தில்தான் தம்பி சேலத்தில் டிப்ளமோ படிக்கிறான். மூன்றே மாதத்தில் தாடை முழுக்கப் பரு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் பண்ணினால், "ஓவர்டைம் சித்தப்பா" என்றாள். என் மனைவி நம்பவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் அவளுக்கு போலீஸ் நாய் மூக்கு. நேரே ஹாஸ்டலுக்குப் போய்க் கையோடு அழைத்து வந்து விட்டாள். முகத்தைச் சுற்றித் துப்பட்டாவோடு வந்த பெண், சாப்பிடுவதற்காக அதை எடுத்தபோது எனக்குப் பகீரென்றது. கன்னம் இரண்டும் அனல் பட்ட மாதிரி சிவப்பு. சிவப்புக்குள் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிகிறது. அதன் மேல் மணலை வாரி இறைத்த மாதிரி ஒரே அளவில் பரு. மேலுதட்டில் இருந்த பூனை முடி கறுத்துத் தடித்திருந்தது.

"வெயில்ல போனா எரியுது சித்தப்பா. ஃபேன் காத்து பட்டாக்கூட எரியுது" என்றாள். ரசத்தைப் பிசைந்து கொண்டே இருந்தவள், கொஞ்ச நேரம் கழித்து, "நான் பேசாம ஊருக்கே போயிடட்டுமா?" என்றாள்.

என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய் விட்டாள்.

என்ன போட்டாய் என்று கேட்டேன். கைப்பையைத் திறந்து காட்டினாள். 'ஆயில் கன்ட்ரோல்' என்று எழுதிய ஒரு ஃபேஸ் வாஷ். நறநறவென்று தூள் போட்ட ஒரு ஸ்க்ரப். மருந்துக் கடையில் வாங்கிய ஒரு சின்ன ட்யூப். "ரூம்ல ஒரு அக்கா சொன்னாங்க. மொத நாலு நாள் சூப்பரா இருந்துச்சு சித்தப்பா. பரு அமுங்கிருச்சு, கலர் வந்துச்சு. என்னடி பண்ணேன்னு லைன்ல எல்லாரும் கேட்டாங்க. அப்புறம் போடாத அன்னிக்கு எரிய ஆரம்பிச்சுது. போட்டா அடங்கும். அதனால தினம் போட்டேன்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமா."

கண்ணாடியைப் போட்டுக் கொண்டு ட்யூபின் பொடி எழுத்தைப் படித்தேன். மூன்று மருந்துப் பெயர். அதில் ஒன்று மொமெட்டசோன்.

மறுநாள் பெர்மிஷன் போடச் சொல்லி ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். ட்யூபை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே அதே ஜாதியில் இருபது முப்பது காலி ட்யூப்கள், பல பல பெயர்களில். "வர்றவங்ககிட்ட வாங்கி வச்சுக்கறேன். யாராவது நம்பலேன்னா காட்டறதுக்கு."

விஷயம் ஸ்டீராய்டு. எக்ஸிமா, சொரியாசிஸ், சில வகை அலர்ஜி ஆகியவற்றுக்கு டாக்டர் அளவு பார்த்து, நாள் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் தங்கமான மருந்து. வீக்கத்தை அமுக்கும். ரத்தக் குழாயைச் சுருக்குவதால் தோல் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரியும். வினையே அங்கேதான். பருவும் அமுங்கி நிறமும் வந்தால் இருபத்திரண்டு வயதுப் பெண் விடுவாளா? மாதக் கணக்கில் போட்டால் தோல் மெலிந்து போகும். குழாய்கள் வெளியே தெரியும். முடி முளைக்கும். பரு முன்னை விடக் கொத்துக் கொத்தாக வரும். நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று போட்டால் அடங்கும். பீடி கதைதான்!

இது ஏதோ எங்கள் வீட்டுப் பெண்ணின் அசட்டுத்தனம் என்று நினைத்தேன். இல்லையாம். நாடு முழுக்க 12 தோல் மருத்துவ மையங்களில் எடுத்த ஒரு கணக்கு 2011-ல் வெளிவந்தது. முகத்தில் ஏதோ ஒரு தோல் தொந்தரவு என்று வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக் கொண்டிருந்தவர்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேர் டாக்டர் அல்லாத யாரோ சொல்லிப் போட்டவர்கள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர் போட்டது பருவுக்காக. அதனால் வந்த கேடுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பருவுக்கு! தோல் டாக்டர்கள் வருடக் கணக்காகக் கத்திய பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் போட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். சட்டம் இருக்கிறது. டாக்டரம்மாவின் டிராயரும் நிரம்பிக் கொண்டே இருக்கிறது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால்... ட்யூபின் முதுகில் இந்தப் பெயர்கள் இருந்தால், டாக்டர் எழுதாமல் அது உங்கள் வீட்டுப் பெண்ணின் (பையனின் கூட) முகத்துக்குப் போகக் கூடாது.

"இதை நிறுத்தினதும் கொஞ்ச வாரம் இன்னும் மோசமாகும். பயந்துக்கிட்டு மறுபடி போட்டுடாதே. நான் சொல்ற வரைக்கும் பருவுக்குன்னு எதுவும் பூச வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. உள்ளுக்கு மாத்திரை எழுதினார். மென்மையான ஒரு க்ளென்ஸர், ஒரு சன் ஸ்க்ரீன் ஜெல். கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி சண்டைக்கே போய் விட்டாள்.

"மாய்ஸ்சரைசரா? ஏற்கெனவே மூஞ்சியில எண்ணெய் ஓடுது டாக்டர். அதுக்கு மேல க்ரீம் வேறயா?"

"எண்ணெய் இருந்தா ஈரம் இருக்குன்னு யாரும்மா சொன்னது?"

அந்த ஒரு கேள்வியில் என் முப்பத்தைந்து வருடத்துச் சந்தேகம் துடித்து எழுந்தது. விவரமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

முகத்தில் வழிகிற எண்ணெய் வேறு, தோலின் ஈரத்தைக் காப்பாற்றுகிற கொழுப்பு வேறு. வழிகிற எண்ணெய் ரோமக் குழிக்குள் இருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறது. பருவ வயதில் ஹார்மோன் உசுப்பி விடுவதால் அதிகம் சுரக்கிறது. தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செங்கல்லுக்கு நடுவே சாந்து பூசியிருக்கிறதே, அதுதான் இரண்டாவது கொழுப்பு. உடம்பின் தண்ணீர் வெளியே ஆவியாகி விடாமல் தடுப்பது இந்தச் சாந்து. நாம் சோப்புப் போட்டுத் தேய்த்தால் இரண்டும் போகும். மேலே வழிகிற எண்ணெய் சில மணி நேரத்தில் திரும்பி விடும். சுரப்பி ஆழத்தில் இருக்கிறது. மேலே நீங்கள் எத்தனை தடவை கழுவினாலும் அதற்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஷிப்ட் பார்க்கும். ஆனால் பெயர்ந்து போன சாந்து சரியாக நாள் கணக்காகும். அதற்குள் நீங்கள் மறுபடி கழுவி விடுவீர்கள். ஆக, மேலே எண்ணெய் மினுமினுப்பு, உள்ளே வறட்சி, விரிசல், எரிச்சல். எரிச்சல் பட்ட தோலில் பரு இன்னும் சிவந்து வீங்கும்.

"அட, கூலன்ட் மாதிரிங்களா?" என்று என்னையறியாமல் கேட்டு விட்டேன்.

"அது என்ன சார் கூலன்ட்?" என்றார் டாக்டரம்மா.

ஒரு டாக்டருக்கு நான் பாடம் எடுத்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். லேத்தில் வெறும் தண்ணீர் விட்டால் சூடு தணியும், ஆனால் துருப்பிடிக்கும். வெறும் எண்ணெய் விட்டால் வழுக்கும். சூடு அவ்வளவாக இறங்காது, புகையும். அதனால் இருபது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு சொலுபிள் ஆயிலைக் கலப்போம். எண்ணெயும் தண்ணீரும் ஜென்மத்தில் சேராது. ஆனால் அந்த ஆயிலுக்குள்ளேயே இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு சரக்கு இருக்கிறது. கலக்கினால் பால் மாதிரி வெள்ளையாகி விடும்.

"அப்படியே இதுதான் சார்!" என்று மாய்ஸ்சரைசர் ட்யூபைக் காட்டினார். க்ரீம் வெள்ளையாக இருப்பதற்கும் அதுவே காரணமாம். தண்ணீர், எண்ணெய், இரண்டையும் கட்டுகிற சரக்கு. வறண்ட தோலுக்கு எண்ணெய் தூக்கலாகக் கலந்த கெட்டி க்ரீம். எண்ணெய்ப் பசை முகத்துக்கு எண்ணெய் கொஞ்சமாக, அல்லது இல்லவே இல்லாமல், தண்ணீர்ச் சத்து அதிகமான ஜெல். அதில் கிளிசரின், ஹையலூரானிக் ஆசிட் மாதிரி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கிற பொருள் ஏதாவது இருக்கும். கிளிசரின் ஒன்றும் வெளிநாட்டு அதிசயம் இல்லை; அதனால் விலை கூடக் கூட ஈரம் கூடும் என்று நினைத்துப் பர்ஸைக் காலி செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டேன். கூலன்ட்டில் வாரம் ஒரு முறை காகிதம் நனைத்து 'பி.ஹெச்.' பார்ப்போம். ஒன்பதை ஒட்டி இருக்க வேண்டும். இறங்கினால் நாற்றம் எடுக்கும், மெஷின் துருப்பிடிக்கும். முகத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? ஐந்தை ஒட்டி என்றார். சாதாரணக் கட்டி சோப்பு? ஒன்பதிலிருந்து பத்து! ஆக, இருபது வயதில் தினம் எட்டுத் தடவை என் முகத்தை நான் லேத் மெஷினாகப் பாவித்திருக்கிறேன். துருப்பிடிக்காதது ஒன்றுதான் லாபம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திப்பி திப்பியாகப் படியுமே, அது தோலிலும் ஒட்டிக் கொண்டு எரிச்சலைக் கூட்டும். ஹாஸ்டல் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்றைக்கே அவளை ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டோம். ஸ்க்ரப் குப்பைக்குப் போனது. காலையில் ஒன்று, ஷிப்ட் முடிந்து ஒன்று, இரண்டே தடவைதான் முகம் கழுவ அனுமதி. (என் மனைவி வாட்ச்மேன் வேலை பார்த்தாள்.) தேய்க்கக் கூடாது, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே ஜெல். மாஸ்க் போட அரை மணி முன்னாலேயே பூசி விட வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் புது மாஸ்க்.

மூன்றாவது வாரம் நிஜமாகவே மோசமானது. ராத்திரி ஒரு மணிக்கு விளக்கெரிகிறதே என்று பார்த்தால் ஐஸ் தண்ணீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஒரே ஒரு தடவை அந்த ட்யூபைப் போட்டுக்கட்டுமா சித்தப்பா? நாளைக்கு லைன்ல ஆடிட் வருது. வெளியூர்லருந்து ஆளுங்க வருவாங்க." பீடியை விட்டவன் நான்; அந்தக் குரல் எனக்குத் தெரியும். விடியற்காலை வரை டி.வி.யில் பழைய படம் பார்த்தோம், இரண்டு பேரும். ட்யூபை அவளுக்குத் தெரியாமல் என் மனைவி என்றைக்கோ டாக்டரம்மாவின் டிராயருக்கு அனுப்பி விட்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் சிவப்பு இறங்கியது. எரிச்சல் போனது. அதற்குப் பிறகுதான் பருவுக்கான பூச்சு. பென்ஸாயில் பெராக்ஸைடு என்று ஒன்று, அடாபலின் என்று ஒன்று. முதலாவதில் 2.5 சதவீதமும் உண்டு, 10 சதவீதமும் உண்டு. பத்து வாங்கினால் நாலு மடங்கு சீக்கிரம் போகும் என்பது நம் ஊர்க் கணக்கு. பருவைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானாம். எரிச்சலில்தான் பத்து முந்தும். அடாபலின் ராத்திரியில் மட்டும், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. இரண்டுமே ஆரம்பத்தில் தோலைக் காய வைக்கும், உரிக்கும். முக்கால்வாசிப் பேர் இரண்டாவது வாரம் 'ஒத்துக்கலை' என்று தூக்கிப் போடுவது இதனால்தான் என்றார் டாக்டரம்மா. மாய்ஸ்சரைசர் கூடவே இருந்தால் தாங்கிக் கொள்ளலாம். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். அதுவரைக்கும் கிள்ளாமல் இருக்க வேண்டும். அது பெரிய தவம்!

(ஒரு எச்சரிக்கை. பென்ஸாயில் பெராக்ஸைடு துணியை வெளுக்கும். என்னுடைய மெரூன் கலர் துண்டு இப்போது இந்திய வரைபடம் மாதிரி இருக்கிறது. வெள்ளைத் துண்டு வைத்துக் கொள்ளுங்கள்.)

ஜெல் ட்யூபின் மேல் 'நான் காமெடோஜெனிக்' என்று போட்டிருந்தது. ரோமக் குழியை அடைக்காது என்று அர்த்தம். இந்தச் சமாசாரத்துக்குப் பின்னால் ஒரு முயல் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் ஆல்பர்ட் க்ளிக்மன் என்று ஒரு தோல் டாக்டர். அவரும் மில்ஸ் என்பவரும் அழகு சாதனப் பொருட்களை முயல் காதுக்குள் பூசி, எது அடைக்கிறது என்று பார்த்து 1972-ல் எழுதினார்கள். க்ரீம் போட்டே பரு வரும் என்று அப்போதுதான் அழகுசாதனக் கம்பெனிகள் முழித்துக் கொண்டன. (இதே க்ளிக்மன் சிறைக் கைதிகள் மேல் செய்த பரிசோதனைகளுக்காகப் பின்னால் நன்றாகத் திட்டும் வாங்கினார்.) முயல் காது நம் கன்னத்தை விடச் சுலபமாக அடைத்துக் கொள்ளும். ட்யூபில் எழுதியிருப்பதும் அரசாங்க முத்திரை இல்லை. கம்பெனி தானே போட்டுக் கொள்வது. ஆகவே நம்பலாம், ரொம்ப நம்பக் கூடாது. புது ஜெல் எதையும் தாடை ஓரத்தில் நாலு நாள் போட்டுப் பார்த்து விட்டு முகத்துக்குப் போகலாம்.

முயல் காதுச் சோதனைகளில் மாட்டிக் கொண்டவர்களில் நம் தேங்காய் எண்ணெயும் ஒருவர். இதைச் சொன்னதும் என் மனைவி டாக்டரம்மாவோடு டூ விட்டு விட்டாள். பின்னே! ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெண்ணுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னி விட்டது இவள்தானே? தலைக்கு வைக்கலாம்; நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக் கொள்ளவும், தலையணை உறையை அடிக்கடி மாற்றவும் என்று சமரசம் ஆனது. பஜ்ஜி, வடை சாப்பிட்டால் பரு வரும் என்பதற்கு அவ்வளவு ஆதாரம் இல்லையாம். பஜ்ஜி எண்ணெய் வயிற்றிலிருந்து கன்னத்துக்குப் போக ரோடு கிடையாது. சர்க்கரை, பால் மேல்தான் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. ஷிப்ட்டுக்கு ஆறு டீ குடிக்கிறவர்கள் மூன்றாக்கிப் பார்க்கலாம்.

இருசக்கர வண்டிகளுக்குப் பேர் போன எங்கள் ஊரில் ஹெல்மெட் பட்டை உரசித் தாடையில் பரு வருகிற பையன்கள் தனி ரகம். பட்டையைத் துடைத்து, உள்துணியைத் துவைத்தால் போதும். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். பரு ஆறும், மண்டை ஆறாது.

அப்புறம் இந்த வெயில், குளிர் சமாசாரம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் கீழே மாம்பழ வெயில். சூளகிரி தாண்டி மேலே ஏற ஏறக் காற்றே வேறு. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். ரோஜாவுக்குப் பிடித்த குளிர், நம் மூக்குக்குப் பிடிக்காது. கிருஷ்ணகிரியில் வேர்த்து வழிந்த அதே முகம் மார்கழியில் ஓசூரில் உரியும். ஆகவே அங்கே ஒரு வேளை ஜெல் போதும் என்றால் இங்கே குளிரில் இரண்டு வேளை வேண்டியிருக்கிறது. குளிராக இருக்கிறதே என்று சன் ஸ்க்ரீனை விடக் கூடாது. பரு விட்டுப் போன கறுப்புத் தழும்பு வெயில் பட்டால் இன்னும் கறுக்கும்.

2024 பொங்கலுக்கு எல்லோரும் ஊத்தங்கரையில் கூடினோம். அவள் துப்பட்டா தோளில் இருந்தது, முகத்தில் இல்லை. கன்னத்தில் சிவப்பு மறைந்து லேசான தழும்புகள். முழுக்கப் போக இன்னும் மாதங்கள் ஆகும் என்றிருக்கிறார் டாக்டரம்மா. வேலையை விடவில்லை. ஹாஸ்டலுக்கே திரும்பி விட்டாள். சிபாரிசு செய்த அந்த 'அக்கா'வையும் டாக்டரம்மாவிடம் இழுத்துக் கொண்டு போயிருக்கிறாள். டிராயரில் இன்னொரு ட்யூப் சேர்ந்திருக்கும். நான் இப்போது ஷேவ் செய்ததும் அதே ஜெல்தான் போடுகிறேன். ஐம்பத்தாறு வயதில் என் மூக்கோரம் முதல் முறையாக மார்கழியில் உரியவில்லை.

கரும்பு கடித்துக் கொண்டிருந்தபோது பார்த்தேன். அவள் மூக்கு நுனியில், ஒன்றே ஒன்று, புத்தம் புதிதாக.

"யாரும்மா அது?" என்றேன்.

"சும்மா இருங்க சித்தப்பா!" என்றாள், சட்டென்று அண்ணன் பக்கம் ஒரு பார்வை பார்த்து விட்டு.